இரண்டாம் அடியில் ஓர் இழுவை

போன மாதம் புதிய நடுவர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் பேச அழைத்திருந்தார்கள். ஓய்வுபெற்றவர்களை அழைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் மாலை, பிறகு புகழுரை, அதற்குப் பிறகு "நேரம் போதாமையால் ஐயா அவர்கள் சுருக்கமாக" என்ற வேண்டுகோள். நானும் சுருக்கமாகத்தான் தொடங்கினேன். கிராமிய இசைப் போட்டியில் ஒரு மெட்டு உண்மையிலேயே மரபுவழி வந்ததா என்று எப்படி அறிவது என்பது எனக்குத் தந்த தலைப்பு. நான் இரண்டாவது வசனத்துக்குப் போவதற்குள் முன்வரிசையில் இருந்த இளம் ஆசிரியை ஒருவர் கைத்தொலைபேசியைத் தூக்கிக் காட்டினார்.

"இதில ஒரு செயலி இருக்கு சேர். பாட்ட கேக்கப் பண்ணினாக் காணும். என்ன பாட்டு, ஆர் பாடினது, எல்லாம் சொல்லிப்போடும்."

"எவ்வளவு நேரத்தில?"

"ஒரு கொட்டாவி விடுற நேரத்தில."

சபையில் ஏற்கெனவே இரண்டு பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்ததால் அளவு எனக்கு உடனே விளங்கிற்று. அந்தக் கொட்டாவி நேரத்து வேலையை நாங்கள் ஒருமுறை இரண்டு கிழமை செய்தோம். ஒரு பணிப்பாளர், ஒரு ஆலோசகர், ஒரு மீன்காரி, ஒரு பிடவைக்கடை முதலாளி, வயலினோடு ஒரு பறங்கிச் சீமாட்டி என்று ஐந்து பேர் சேர்ந்து செய்தோம். அதைச் சொல்லத் தொடங்கினேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. சோற்றோடு போட்டியிட எந்த நடுவராலும் முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

என்னுடைய கல்வியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வயலின் படித்தேன், பட்டம் எடுத்தேன், வயலினே இல்லாத ஒரு பாடசாலைக்கு இசை ஆசிரியராக நியமனம் பெற்றேன். கட்டைகள் பாதி பேசாத ஒரு ஆர்மோனியத்தோடு சில வருடம் போராடிய பிறகு, இவரை வகுப்பில் வைத்திருப்பதைவிட வெளியே விடுவது நல்லதென்று யாரோ தீர்மானித்து, கல்வி வலயத்தின் இசைப்பாட ஆலோசகர் ஆக்கினார்கள். ஆலோசகரின் வேலை இலகுவானது. பாடசாலைக்குப் போக வேண்டும், வகுப்பின் பின்வாங்கில் இருக்க வேண்டும், பிளேன்ரீ குடிக்க வேண்டும், "முயற்சி பாராட்டத்தக்கது" என்று எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். வருடத்தில் ஒருமுறை மட்டும் உண்மையான வேலை வரும். அதுதான் கிராமிய இசைப் போட்டி. அதில் நான் பிரதம நடுவர்.

அந்தப் போட்டியில் எங்கள் வலயத்துக்கு மட்டும் ஒரு விசேட நடைமுறை இருந்தது. அதை ஊர்ச் சாட்சி என்போம். முதல் வருடங்களில் ஆசிரியர்கள் போன கிழமை தாங்கள் கட்டிய மெட்டைப் "பாட்டன் காலத்துப் பாட்டு" என்று கொண்டுவந்து குவித்தார்கள். ஆகவே ஒவ்வொரு குழுவும் தன் ஊரிலிருந்து அறுபது வயது கடந்த ஒருவரைக் கூட்டிவர வேண்டும், அவர் ஆசிரியருக்கு உறவினராக இருக்கக் கூடாது என்று விதி செய்தோம். குழு மேடை ஏறும் முன் சாட்சி தனி அறையில் நடுவர்களுக்கு அந்த மெட்டை முனகிக் காட்ட வேண்டும். சொற்கள் கூடாது. சொல்லை ஒரு மாலையில் பாடமாக்கலாம். சின்ன வயதில் காதில் விழுந்த மெட்டை முனகும்போது முகம் போகிற போக்கு வேறு. அதை ஒத்திகை பார்க்க முடியாது. எத்தனையோ போலிச் சாட்சிகளை நான் நெற்றிச் சுருக்கத்திலேயே பிடித்திருக்கிறேன்.

அந்த நடைமுறையை ஏற்றுக் கையொப்பமிட்டவர் வலயக் கல்விப் பணிப்பாளர் கதிர்காமத்தம்பி. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். கணித ஆசிரியராக இருந்து, பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வையாளராக அரைவாசிக் காலத்தைக் கழித்து, பணிப்பாளராக வந்தவர். சட்டைப் பையில் நீலப் பேனை ஒன்றும் சிவப்புப் பேனை ஒன்றும் இருக்கும். சிவப்பின் மூடி கழன்றால் முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கத் தேவையில்லை. யாராவது கோபமாக அறைக்குள் வந்தால் அவர் எதிர்த்துப் பேச மாட்டார். உரிய சுற்றுநிருபத்தை எடுத்து, இலக்கத்திலிருந்து, யார் யாருக்குப் பிரதி என்பதிலிருந்து, ஆறுதலாக வாசிப்பார். மூன்றாம் பந்தி வருவதற்குள் வந்தவருக்குக் கோபம் போய் நித்திரை வந்துவிடும்.

இசைக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. கச்சேரிகளில் பக்கத்து ஆளின் கைகளைப் பார்த்துத்தான் கைதட்டுவார். "எனக்குச் சுருதி விளங்காது, உமக்கு வீதம் விளங்காது. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு உத்தியோகத்தர் வரும்" என்று என்னிடம் சொல்வார்.

போர் முடிந்து, பிள்ளைகள் பயமில்லாமல் மாலைவரை ஒத்திகை பார்க்கத் தொடங்கிய காலம். அந்த வருடம் ஆரையம்பதிப் பெண்பிள்ளைகளின் குழுவுக்கு ஊர்ச் சாட்சியாக வந்தவர் தங்கப்பிள்ளை. மீன்காரி. ஆரையம்பதியில் மீன் எடுத்து, காத்தான்குடித் தெருக்களில் தலையிலிருந்து ஓலைக் கடகத்தை இறக்கி விற்பவர். அதே வேலையில் நாற்பது வருடம். அறைக்குள் வந்து, கதிரையைத் தட்டிப் பார்த்து இருந்து, "சத்தமாவோ மெல்லமாவோ?" என்று கேட்டார். முனகினார். தகப்பன் தோணியில் இழுவலையை இழுக்கும்போது பாடியதாம். மாயாமாளவகௌளையின் சுரங்கள் அப்படியே கிடந்தன. இசை படிக்கிற எந்தப் பிள்ளையும் முதல்நாள் படிக்கிற இராகம். ஆனால் இரண்டாம் அடியில் ஒரு புதினம் இருந்தது. மெட்டு ஒரு சுரத்தில் போய் நின்று, அங்கேயே நடுநடுங்கி இழுபட்டு, அடுத்த படியைத் தொடாமல் தாண்டிக் குதித்தது. நாங்கள் மூன்று நடுவர்களும் ஒருவரையொருவர் பார்த்தோம். "வேறெங்கும் காணாத தொன்மையான கமகம்" என்று நான் குறித்துக்கொண்டேன். மற்ற இருவரும் எட்டிப் பார்த்து அதையே எழுதினார்கள்.

ஒரு மணித்தியாலம் கழித்துக் காத்தான்குடி ஆண்பிள்ளைகளின் குழுவுக்குச் சாட்சியாக அகமதுலெவ்வை காக்கா வந்தார். காக்கா என்றால் அவ்வூரில் அண்ணன். பிடவைக்கடை முதலாளி, அந்தப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கச் செயலாளரும்கூட. பொல்லடிப் பாட்டு என்றார். கல்யாண வீடுகளில் இளந்தாரிகள் வட்டமாக நின்று கையிலுள்ள பொல்லுகளை மாறி மாறித் தட்டி ஆடுவார்களே, அதற்குப் பாடுவது. வாப்பா பாடக் கேட்டதாம். தொண்டையைச் செருமினார், முனகினார்.

அதே மெட்டு. வேகம் மட்டும் மூன்று மடங்கு. இரண்டாம் அடியில் அதே இடத்தில் அதே நடுக்கம், அதே தாவல்.

நாங்கள் மறுபடி ஒருவரையொருவர் பார்த்தோம். இந்தமுறை யாரும் எதுவும் எழுதவில்லை.

மேடையில் இரண்டு குழுக்களும் நன்றாகவே செய்தன. ஆரையம்பதிப் பிள்ளைகள் வலை இழுக்கிற அசைவோடு ஆறுதலாகப் பாடி முதலிடம் எடுத்தார்கள். காத்தான்குடி இரண்டாமிடம். மூன்றாமிடம் நகரத்துப் பாடசாலை ஒன்றுக்கு. அந்தக் குழுவின் கிராமியப் பாடல் சினிமாத் தியேட்டரிலிருந்து நேரே நடந்து வந்தது போல் இருந்தாலும், அவர்களுடைய சாட்சி ஒருவாறு தப்பியிருந்தார். முடிவை நான் வாசித்து முடிக்கவில்லை, சபையின் நடுவில் அகமதுலெவ்வை காக்கா எழுந்துவிட்டார்.

"இது எங்கட பாட்டு! களவெடுத்துப்போட்டாங்க!"

தங்கப்பிள்ளை மறுபக்கத்தில் எழுந்தார். "ஆரு காக்கா களவெடுத்தது?"

"நாப்பது வருஷம் எங்கட தெருவில திரியிறது ஆரு? எங்கட கல்யாண ஊட்டு வாசல்ல கடகத்த வெச்சிக்கிட்டு நிண்டு கேட்டது ஆரு?"

"உங்கட வாசல்ல களவெடுக்கிறதெண்டா நான் பாட்டையா எடுப்பன்? போன மாசம் வாங்கின இறாலுக்கு நீங்க எடுத்த விலைக்கழிவத் திருப்பி எடுத்திருப்பன்!"

சபை சிரித்தது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. அது எனக்கு நல்லதாகப் படவில்லை. ஒன்று தமிழ் ஊர், மற்றது முஸ்லிம் ஊர், இடையில் ஒரு வீதி வளைவுதான் தூரம். நல்ல காலத்தில் அது மிகக் கிட்ட, கெட்ட காலத்தில் அதைவிடக் கிட்ட. அங்கே ஒரு பாட்டு பாட்டாகவே இருந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது.

காக்கா அன்றைக்கே முறைப்பாட்டை எழுத்தில் தந்தார். ஒழுங்காக, விதி இலக்கத்தோடு. முறைப்பாடு சரியென்று கண்டால் முதலிடம் இரத்தாகும், குழு அகில இலங்கைப் போட்டிக்குக் கொழும்புக்குப் போக முடியாது. இரண்டு குழுவின் மெட்டும் மரபுவழி வந்ததல்ல என்று கண்டால் இரண்டும் இரத்து. அப்போது வலயத்தின் சார்பில் அந்தச் சினிமாப் பாட்டு கொழும்புக்குப் போகும். அந்த நினைப்பே எனக்குக் காய்ச்சல் தந்தது.

மறுநாள் தங்கப்பிள்ளை என் வீட்டுக்கு வந்தார். கடகம் இல்லாமல் வந்ததால் முதலில் எனக்கு ஆளைத் தெரியவில்லை.

"கொழும்புப் பயணம் பிள்ளையள்ற பாடு சேர். பிள்ளையளுக்குப் பாட்டுப் பழக்கின சுலோசனா ரீச்சர் அழுகிறா, அது அவவிர பாடு. எனக்கு வேற கதை. இண்டைக்குக் காலம்புற அந்தத் தெருவுக்குப் போனன். ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. ஆனா ஒரு சின்னப்பொடியன் 'உம்மா, பாட்டுக் கள்ளி வந்திருக்கா' எண்டு கத்தினான். மறுகா நான் எப்பிடிச் சேர் அந்தத் தெருவில கடகத்த இறக்குறது? அங்க நிறுத்துப் பாக்காம என்னிட்ட மீன் வாங்குறவங்க சேர். நாப்பது வருஷம்."

நான் விதிமுறைகளை விளக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி மறித்தார்.

"விதி இருக்கட்டும். களவெடுக்கல்லயெண்டு ஆராவது சொல்லவேணும். சும்மா சொன்னாப் போதாது. காக்கா நம்பவேணும்."

அதுதான் வழக்கு. பிரதம நடுவர், பணிப்பாளர் இருவரும் சேர்ந்து விசாரிக்க வேண்டும். கொழும்புக்குப் பெயர் அனுப்புவதற்குக் கிடந்தது இரண்டு கிழமை.

பணிப்பாளர் காக்காவின் முறைப்பாட்டை இரண்டுதரம் வாசித்தார். காக்கா கெட்டிக்காரர். தன் வாதத்தை அந்த இழுவையிலேயே நிறுத்தியிருந்தார். மெட்டு ஒன்றாக இருப்பது தற்செயலாக இருக்கலாம், ஆனால் ஒரே இடத்தில் ஒரே மாதிரி நடுங்கி ஒரே மாதிரித் தாண்டுவது எப்படித் தற்செயலாகும் என்று கேட்டிருந்தார்.

"நியாயமான கேள்வி," என்றார் பணிப்பாளர். "பரீட்சையில ரெண்டு விடைத்தாள்ல சரியான விடை ஒரே மாதிரி இருந்தா அது ஒண்டுமில்ல. பிழையான விடை ஒரே மாதிரி இருந்தா நாங்க பிடிப்பம். நீர் சொல்லும், இந்த இழுவை சரியோ பிழையோ?"

தொன்மையான கமகம் என்றேன்.

"நான் அதக் கேக்கல்ல. இராகத்துக்கு அது தேவையோ?"

யோசித்துப் பார்த்தேன். தேவையில்லை. மாயாமாளவகௌளையில் அந்த இடத்தில் யாரும் அப்படி நடுங்க மாட்டார்கள். தாண்டப்பட்ட அந்தப் படியில்தான் மெட்டு இயல்பாக இறங்க வேண்டும். உண்மையைச் சொல்வதானால், பாடத் தெரியாத ஒருவர் இடறி விழுகிற இடம் அது.

"அப்ப பிழையான விடை," என்று அவர் நீலப் பேனையால் ஒரு கோடு போட்டார். "ரெண்டு தாள்ல ஒரே பிழை. ஒண்டு, ஒருத்தர் மற்றவர்ர தாளப் பாத்திருக்கோணும். இல்லாட்டி ரெண்டு பேரும் ஒரே ரியூசன் மாஸ்டரிட்டப் படிச்சிருக்கோணும். எல்லாரும் முதலாவதத்தான் பிடிக்கிறாங்க. ரெண்டாவத ஆரும் பாக்கிறேல்ல. ரெண்டு பேரையும் கூப்பிடும். தனித்தனியா."

தனித்தனியாகக் கூப்பிட்டோம். பணிப்பாளர் பாட்டைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டால் பதில் விளங்காது என்பது அவருக்குத் தெரியும். சின்ன வயதில் அதை எங்கே நின்று கேட்டீர்கள், எந்த மாதம், எந்த நேரம், வாப்பா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார் என்று வீதி விபத்தை விசாரிக்கிற பொலிஸ்காரர் மாதிரிக் கேட்டார்.

காக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னார். வாப்பா மஃரிப் தொழுகைக்கு முன்னால் ஆற்றங்கரையில் (வாவிக்கு ஊர்ப்பேச்சில் ஆறு என்று பெயர்) குந்திக்கொண்டு முனகுவார். மாரிகாலத்தில். "வாடைக்காத்து அடிச்சா வாப்பாக்குப் பாட்டு வரும் சேர். கோடையில வராது."

பிறகு தங்கப்பிள்ளை. அப்பா பொழுதுபடுகிற நேரம் தோணியில் பாடுவார். மாரி பிறந்தால். "வாடை விழுந்தாத்தான் அவருக்கு வாய் திறக்கும். மற்ற நேரம் ஊமையன்."

இருவரும் போன பிறகு பணிப்பாளர் ஒரு துண்டில் மட்டக்களப்பு வாவியைக் கீறினார். கீழே ஆரையம்பதி, அதற்குச் சற்று மேலே காத்தான்குடி, உச்சியில் மட்டக்களப்பு நகரம். பிறகு வடக்கிலிருந்து ஒரு அம்புக்குறி. அவர் வட்டையில் வயல் செய்கிற குடும்பம். காற்றைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

"வாடை அங்கால இருந்து வரும். பாட்டும் அங்கால இருந்துதான் வந்திருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே நேரம், ஒரே பக்கம். ரியூசன் மாஸ்டர் இருந்தது ரவுணில. அந்தக் காலத்தில ரவுணில பின்னேரத்தில அவ்வளவு சத்தமாப் பாடினது ஆர்?"

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நகரத்தில் வாவிக் கரையோரத்தில் பழைய படமாளிகை ஒன்று இருந்தது. கூரையில் வாவியைப் பார்த்தபடி ஒரு ஊதுகுழல் ஒலிபெருக்கி. மாலைக் காட்சி தொடங்கப் போகிறது என்று அக்கரைக்காரருக்கு அறிவிக்க ஒரு இசைத்தட்டைப் போடுவார்கள். சத்தம் கேட்டால் தோணியைத் தள்ளிவிடுவார்கள் என்று என் தகப்பனாரே சொல்லியிருக்கிறார். அந்தப் படமாளிகையின் முகாமையாளராக இருந்தவர் போர்த்துக்கேய வழிவந்த ஒரு பறங்கியர். அவருடைய மகள் டொறத்தி மிஸ் இன்னும் நகரத்தில் இருந்தார். எனக்கு அவரைத் தெரியும். வயலின் வாசிக்கிறவர்கள் ஒரு சின்ன ஊரில் ஒருவருக்கொருவர் தெரியாமல் இருக்க முடியாது, நரம்பு கடன் வாங்க வேண்டுமே.

டொறத்தி மிஸ்ஸின் வீட்டில் எனக்குத் தேநீரும் லவ் கேக்கும் கிடைத்தன. மெட்டின் முதல் அடியை முனகினேன். அவர் கோப்பையை வைத்தார்.

"ஓ, பப்பாட தட்டு! அது கிரேக்க நாட்டுப் பாட்டு. திருகோணமலையில ஒரு கிரேக்கக் கப்பல்காரனிட்டப் பப்பா வாங்கினவர். அவன் அதுக்கு ரெண்டு கையையும் விரிச்சு வெச்சு ஆடியும் காட்டினவனாம். ஆர் கட்டின மெட்டு எண்டு கேட்டதுக்கு, ஆருக்குத் தெரியும், எங்கட ஊர்ல எல்லாரும் பாடுவாங்க எண்டு சொன்னவனாம். பப்பாட்ட கனக்கத் தட்டு இருந்தது. ஆனா அதுதான் ஆத்துக்கு அங்கால கேக்கும். அதால ஒவ்வொரு நாளும் அதுதான்."

நான் இரண்டாம் அடியையும் முனகினேன், இழுவையோடு. டொறத்தி மிஸ் சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"ஐயோ, அதையுமா பாடுறாங்க? அது தட்டில விழுந்த கீறல்! ஊசி அந்த இடத்தில மாட்டுப்பட்டு நிண்டு ஆடும். பப்பா ஓடிப்போய்க் கையால தள்ளிவிடுவார். தள்ளினா ஒரு துண்டத் தாண்டிப் போய் விழும்."

மூன்று நடுவர்கள் எழுதிய தொன்மையான கமகம் அங்கே, லவ் கேக் துணுக்குகளுக்கு நடுவில், நிம்மதியாக உயிர் விட்டது.

இரண்டாம் விசாரணைக்கு இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டோம். பணிப்பாளரின் அறையில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டுகிற மாதிரிக் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். டொறத்தி மிஸ் வயலினோடு வந்தார், நான் ஒலிப்பதிவுக் கருவியோடு. பணிப்பாளர் முதலில் சுற்றுநிருபத்தை வாசித்தார். இலக்கம், திகதி, பிரதிகள், எல்லாம். பிறகு டொறத்தி மிஸ் தட்டின் கதையைச் சொன்னார்.

காக்காதான் முதலில் பேசினார். "படம் போடுற இடத்துப் பாட்டா? என்ட வாப்பா மௌத்தாகும்வரைக்கும் ஒரு படம் பாத்ததில்ல. படமாளிகை இருக்கிற ரோட்டால போகவும் மாட்டார்!"

"அவர் படத்தப் போய்ப் பாக்கல்ல காக்கா," என்றார் தங்கப்பிள்ளை, திரும்பாமலே. "பாட்டு வந்து அவரப் பாத்திருக்கு."

"வாப்பா அத ஓதுற சாயல் எண்டுதான் சொல்லுவார்."

"எங்கட அப்பா தேவாரச் சாயல் எண்டவர்."

இரண்டு தகப்பன்மாரும் சொன்னது சரிதான். அந்தச் சுரங்கள் எங்கள் பக்கத்திலும் பழையவை, அரபுப் பக்கத்திலும் பழையவை. காற்றில் வந்த அந்நியனை இரண்டு ஊர்களும் தங்கள் சொந்தக்காரனின் முகச்சாயலைக் கண்டு உள்ளே கூப்பிட்டுவிட்டன. அதை நான் விளக்கத் தொடங்கினேன். பணிப்பாளர் கையை உயர்த்தி, "மிஸ், வாசியுங்க" என்றார்.

டொறத்தி மிஸ் வாசித்தார். கப்பல்காரன் விற்ற மெட்டு, முழுதாக, கீறல் இல்லாமல். முதல் அடிக்கு இருவருடைய தலைகளும் ஆடின. இரண்டாம் அடியில் மெட்டு நடுங்காமல், அந்தத் தாண்டப்பட்ட படியில் ஒழுங்காக இறங்கிப் போனது. தங்கப்பிள்ளை சட்டென்று கதிரையைத் திருப்பினார்.

"இதென்ன காக்கா, இழுவைய விட்டிட்டா!"

காக்காவும் திரும்பியிருந்தார். "அதத்தான் நானும் பாக்கன். மிஸ், அந்த இடத்தில இழுக்கணும்."

"தட்டில அது இல்லையே," என்றார் டொறத்தி மிஸ். "அது கீறல் எண்டு..."

"கீறலோ கோறலோ, அது இல்லாட்டிப் பாட்டு சப்பெண்டு கிடக்கு," என்றார் தங்கப்பிள்ளை. "காக்கா, நீங்க ஒருக்காப் பாடிக் காட்டுங்க அவவுக்கு."

"நீங்க பாடுங்க தங்கச்சி. எனக்குச் சளி."

அவர் பாடினார். இழுவை வந்த இடத்தில் காக்காவின் விரல் மேசையில் நடுங்கிக் காட்டிற்று. இருவரும் சேர்ந்து அந்தப் படியைத் தாண்டினார்கள்.

பணிப்பாளருக்கு ஒரு சுரமும் விளங்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் மற்றவர்களின் கைகளைப் பார்க்கிறவர். அந்த விரலைப் பார்த்தார். சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினார்.

"முறைப்பாட்டுக்காரரும் எதிராளியும் ஒரே பக்கம் நிக்கிறாங்க. அப்ப முறைப்பாடு எங்க?"

தீர்ப்பு சுருக்கமானது. மெட்டு ஆக்கியவர் பெயர் அறியப்படாதது, வாய்வழி வந்தது, இரண்டு ஊர்களிலும் தகப்பன் காலம் முதல் வழக்கில் இருப்பது. விதிக்கு அவ்வளவும் போதும். எந்த ஊரில் பிறந்த மெட்டாக இருக்க வேண்டும் என்று விதியில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு குழுவும் ஒன்றிலிருந்து ஒன்று எடுக்கவில்லை. புள்ளிகள் நிற்கும்.

காக்கா வாசிக்கக் கேட்டுவிட்டு ஒரு திருத்தம் கேட்டார். "களவு எண்டு சபையில சத்தமாச் சொன்னன் சேர். இதக் கடதாசியில மெல்லமா எழுதினா ஆர் வாசிப்பாங்க? இல்லையெண்டுறதையும் சத்தமாச் சொல்லணும்."

அதற்குச் சுற்றுநிருபத்தில் இடமில்லை. அவர் இடத்துக்குக் காத்திருக்கவும் இல்லை. அடுத்த நாள் காலை தங்கப்பிள்ளை அந்தத் தெருவுக்குப் போனபோது காக்கா கடையைத் திறக்காமல் வாசலில் நின்றாராம். கடகத்தைத் தன் கையாலேயே இறக்கி வைத்து, தெரு முழுக்கக் கேட்க, "எல்லாரும் வாங்க, எங்கட பாட்டுக்காரி வந்திருக்கா" என்று கூப்பிட்டாராம். கள்ளி என்று கத்திய பொடியனின் உம்மாதான் முதல் ஆளாக வந்து மணலை மீன் வாங்கினாராம், நிறுக்காமல். இதைத் தங்கப்பிள்ளை எனக்குச் சொன்னபோது கடகம் தலையில் இருந்தது, வெறுங்கடகம்.

ஆரையம்பதிப் பிள்ளைகள் கொழும்புக்குப் போய் இரண்டாமிடம் எடுத்தார்கள். அங்கே இருந்த நடுவர் ஒருவர் அந்த இழுவையைத் தனியாகப் பாராட்டி, மட்டக்களப்பு வாவியின் அலையசைவிலிருந்து மட்டுமே பிறந்திருக்கக்கூடிய கமகம் என்று பேசினார். நான் பணிப்பாளரைப் பார்த்தேன். அவர் பக்கத்து ஆளின் கைகளைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லுவமா சேர்?" என்றேன்.

"கேக்காத கேள்விக்கு விடை எழுதினாப் புள்ளி கிடைக்காது. இரும்."

ஓய்வுபெற்ற பிறகு அந்த மெட்டின் முழுக்கதையைத் தேடிப் படித்தேன். கிரேக்கரின் மதுக்கடைகளில் மந்தமாகத் தொடங்கி, கப்பலேறி அமெரிக்கா போய், அரபு நடனக்காரிகளின் இடுப்புக்கும் யூதக் கல்யாணத்து வாத்தியக்காரருக்கும் பெரிய நடனமண்டப இசைக்குழுக்களுக்கும் ஒரேயடியாகச் சொந்தமாகி, பிறகு மின்கிற்றார் பிடித்த கடற்கரைப் பொடியன்களின் கையில் தீப்பிடித்து ஓடியிருக்கிறது. போன இடமெல்லாம் இது எங்களுடையது என்று அடம்பிடிக்க ஆள் இருந்திருக்கிறது. ஆகவே எங்கள் காக்காவும் தங்கப்பிள்ளையும் உலக வழக்கத்துக்கு மாறாக எதையும் செய்யவில்லை. இங்கும் அது சும்மா இருக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் கொழும்பிலிருந்து வந்த பிறகு, ஆலயத் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் அதை வாசித்தார். விளையாட்டுப் போட்டியில் பாடசாலை வாத்தியக்குழு அதற்கு அணிநடை போட்டது. டொறத்தி மிஸ்ஸின் பேரப்பிள்ளைகள் நத்தார்ப் பண்டிகையில் அதற்குப் பைலா நடனம் ஆடினார்கள். எல்லாவற்றிலும் அந்தக் கீறல் இருந்தது.

பயிலரங்கில் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த இளம் ஆசிரியை என்னிடம் வந்தார். விசாரணையன்று நான் பிடித்த பதிவை, தங்கப்பிள்ளை பாடியதை, தன் தொலைபேசிக்குக் கேட்கப் பண்ணினார். அது சுற்றிச் சுற்றி யோசித்தது. ஒன்றும் அகப்படவில்லை என்று சொல்லிற்று. பிறகு டொறத்தி மிஸ் வாசித்ததைப் போட்டோம். உடனே வரிசையாகப் பெயர்கள் வந்து விழுந்தன.

"ரெண்டும் ஒரே பாட்டெண்டுதானே சேர் சொன்னீங்க?"

"அதத்தான் பிள்ள நான் சாப்பாட்டுக்கு முதல் சொல்ல வெளிக்கிட்டன்."

போன கிழமை ஒரு சட்டைத் துணி எடுக்கக் காத்தான்குடிக்குப் போனேன். அகமதுலெவ்வை காக்கா இப்போது கடையை மகனிடம் விட்டுவிட்டு வாசலில் கதிரை போட்டு இருக்கிறார். பேசிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் பேக்கரிப் பாண் விற்கிற ஆட்டோ திரும்பியது. அந்த ஆட்டோக்கள் ஆளுக்கொரு மெட்டை ஊதிக்கொண்டு வரும் என்பது தெரியும். இது எங்கள் மெட்டை ஊதிக்கொண்டு வந்தது. எங்கோ சீனத் தொழிற்சாலையில் ஏற்றிய கருவியாக இருக்க வேண்டும். இரண்டாம் அடி வழுக்கிக்கொண்டு நேரே போனது.

காக்கா ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டோவை மறித்தார்.

"பாண் வேணாம். இஞ்ச பாரு மனே, அந்த ரெண்டாவது அடிய இழுக்கச் சொல்லு. பின்னேரம் தங்கப்பிள்ள இந்தப் பக்கம் வருவா. இத இப்பிடிக் கேட்டாவெண்டா எனக்குத்தான் ஏச்சு விழும்."